என் வீட்டு இரண்டு ஆயர்மார்

எனக்கு எழுபத்தொரு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினன். அதிலே இரண்டு பேர் ரொறன்ரோவுக்கு வந்து ஆயர்மாராகவே, அதுதான் பிஷப்மாராகவே, உயர்ந்திட்டினம். ஒருவரும் அபிஷேகம் பண்ணவில்லை, தாங்களாகவே ஏறியிருந்தினம்.

மூத்தவர் றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறார். எங்கள் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறவர். அதனால் வேதம் தன் கையிலே என்ற நினைப்பு. நான் இளையவரோடு மல்வேர்னில் இருக்கிறன். பூசையில் சனம் பார்த்து வாசிக்கிற தாளைக் கொம்பியூட்டரில் அடிக்கிறவர் இவர். கொம்பியூட்டரில் தமிழ் எழுத்து வந்த புதிசு, பெருமைக்குக் குறைவில்லை.

இளையவரின் குழந்தைக்கு ஞானஸ்நானம் குறித்தாயிற்று. மூத்தவர்தான் ஞானத்தகப்பனாய் நின்று குழந்தையை ஏந்த வேண்டியவர். அதற்கு முந்தின ஞாயிறு, எல்லாரும் சேர்ந்து சொல்லுகிற விசுவாசப் பிரமாணத்தில், மகனான இயேசு தந்தையான கடவுளோடு "ஒரே பொருளானவர்" என்று வரவேண்டிய இடத்தில் "ஒத்த பொருளானவர்" என்று தாளில் விழுந்துவிட்டது. மூத்தவர் சனத்துக்கு முன்னாலேயே தம்பியை ஏசினார். வீட்டுக்கு வந்தும் விடவில்லை.

"அம்மா, இந்தச் சொல்லுக்காக ஆதிகாலத்து ஆயர்மார் பட்ட பாடு தெரியுமோ? கிரேக்கத்திலை ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அரசன் எல்லாரையும் கூப்பிட்டுச் சபை வைச்சவன். கையெழுத்து வைக்காதவையை நாடு கடத்தினவை."

"அதோடை சண்டை முடிஞ்சுதோ?"

"இல்லை. பிறகு நாடு கடத்தப்பட்டவை திரும்பி வர, மற்றவையைக் கடத்தினவை."

"நல்ல பரிசுத்தமான வேலை. நாங்கள் நாடு கடந்து வந்தாச்சு ராசா. இனித் தம்பியை எங்கை அனுப்பப் போறாய், பக்கத்து ஒஷாவாவுக்கோ?"

ஆயர்மார் சிரிக்கிறதில்லையாக்கும். "தாளைத் திருத்தாட்டி நான் ஞானத்தகப்பனாய் நிக்கமாட்டன்" என்றுவிட்டுக் காரை எடுத்தார். இளையவரோ, "அவர் மன்னிப்புக் கேட்டால்தான் திருத்துவன்" என்று அறைக்கதவைச் சாத்தினார்.

தகப்பனும் மகனும் ஒன்றோ, ஒத்ததோ என்று அத்தனை ஆயர்மார் தலையைப் பிய்ச்சினம். பெத்தவள் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டினமோ? என் ஏழும் ஒரே பாலைக் குடித்ததுகள். ஒன்றை ஒன்று ஒத்ததாய் இன்றுவரை நான் காணவில்லை.

சனிக்கிழமை காலை, அடுத்த நாளுக்கு அடித்து வைத்திருந்த தாள்களைக் குசினி மேசையில் பரப்பினன். அதே "ஒத்த"தான். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் பேனையால் அதை வெட்டி, மேலே எழுதத் தொடங்கினன். பத்துத் தாள் முடிய இளையவர் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ அம்மா, என்ன உது? 'ஒறே' எண்டு எழுதி வைச்சிருக்கிறியள்! உதுக்குச் சின்ன 'ர' எல்லோ!"

"அப்பிடியோ? படிச்சவை எழுதேல்லை, நான் எழுதிறன். சனம் ஒறே எண்டு வாசிக்கட்டும்."

"தாள் அடிச்சது நான் எண்டு எல்லாருக்கும் தெரியுமம்மா! சிரிக்கப் போகினம்!"

பேனையைப் பறித்து, மேசையடியில் இருந்துகொண்டு அத்தனை தாளையும் திருத்தினார். எனக்குச் சின்ன "ர" தெரியாதென்று இன்னும் நம்புகிறார். நம்பட்டும்.

மறுநாள் கோயிலில் மூத்தவர் தாளைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் குழந்தையை வாங்கினார். மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை. ஆயர்மாருக்கு அந்தப் பழக்கம் இல்லைப்போல.

தமிழ் வகுப்புக்குப் போகிற பேத்தியைக் கூப்பிடுகிறன். "பிள்ளை, இஞ்சை வா. நான் எழுதின இந்தக் கதையை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. சத்தம் போடாமல் மெல்லமாய் வாசி, பெரியப்பா குசினியிலை உன்ரை அப்பாவோடை இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்."