சிந்துபூந்துறையில் ஒரு ரிஸ்க்-ஃபைவ்

பெர்சிஸ் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியின் கணினி ஆசிரியை. பள்ளி விட்டு சிந்துபூந்துறை வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை காத்திருக்கும், சம்பளமில்லாத வேலை. பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு லினக்ஸ் இயங்குதளத்தில், ரிஸ்க்-ஃபைவ் என்ற புதுவகைச் செயலிக்கான பிரிவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஒருவகைச் செயலிக்குச் செய்த மென்பொருள் இன்னொரு வகையில் ஓடாது. எல்லாவற்றையும் புதிதாகத் தொகுக்க வேண்டும். அந்தச் செயலி பொருத்திய உள்ளங்கை அகல போர்டு ஒன்றில் ஒவ்வொன்றாகத் தொகுத்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். துணைக்கு இருந்த போலந்துக்காரர் வேறு வேலை கிடைத்து ஒதுங்கிவிட்டார்.

எழுதிய நிரலைச் செயலிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. அதைத் தொகுக்க அதே கம்பைலர் வேண்டும். புதுச் செயலியில் அது ஏது? வேறு கணினியில் அரைகுறையாக ஒன்றைச் செய்து, போர்டுக்குக் கொண்டுவந்து, அதை வைத்து முழுசாகத் தொகுக்கப் பார்த்தாள். பலமுறை பாதியில் விழுந்தது. அது மட்டும் முடிந்தால், அதை நம்பி நிற்கும் நூற்றுக்கணக்கானவை பின்னாலேயே வந்துவிடும். அடுத்த வெளியீட்டில் ரிஸ்க்-ஃபைவுக்கும் முறையான இடம் கிடைக்கும்.

2023 டிசம்பரில் அந்தத் தொகுப்பு ஒருவழியாகப் பிழையில்லாமல் ஓட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மழை பிடித்தது. மின்சாரம் போனது, போர்டு சின்ன யு.பி.எஸ்ஸில் ஓடியது. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது.

"ஏட்டி, தண்ணி வாசப்படி ஏறிட்டு. அத அணைச்சுப் பைக்குள்ள போடு, மாடி வீட்டுக்குப் போவோம்" என்றார் கணவர் எபனேசர்.

"இப்ப அணைச்சா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கொஞ்ச நேரந்தான். அணைக்காம அப்படியே மெதுவா அந்த பீரோ மேல தூக்கி வைங்க."

அவர் போர்டை யு.பி.எஸ்ஸோடு மேலே ஏற்றி வைத்தார், இருவரும் மாடி வீட்டுக்குப் போனார்கள். தண்ணீர் வடிந்து அவர்கள் இறங்கி வந்தபோது பீரோ குப்புறக் கிடந்தது. போர்டு அதற்கடியில் சேற்றுக்குள்.

"நீங்க சொன்னதக் கேட்டிருக்கலாம்" என்றாள். எபனேசர் சேற்றை அள்ளிக்கொண்டே இருந்தார்.

வேறு போர்டு எங்கும் இருப்பில் இல்லை, அது இல்லாமல் எதையும் தொகுக்கவும் முடியாது. மாதங்கள் கழித்து ஒன்று வந்தபோது, மற்றச் செயலிகளுக்கெல்லாம் புதுப் பதிப்புகள் வந்துவிட்டன. அவள் பிரிவு எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் பின்தங்கிக் கிடந்தது. தன்னார்வலர்களின் இணையக் கூட்டத்தில் அவகாசம் கேட்டாள்.

"ஒரே ஆளை நம்பி ஒரு பிரிவை எப்படி வைத்திருப்பது? இதைப் பயன்படுத்துகிறவர்கள் யாராவது உண்டா?" என்று பொறுப்பாளர் தன்மையாகத்தான் கேட்டார்.

அவளுக்கு ஒரு பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை. பிரிவை நீக்கிவிட்டார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு போன் வந்தது. மேலப்பாளையத்தில் கண்காணிப்பு கேமரா பொருத்தும் கடை வைத்திருக்கும் ஆரிப் என்பவர் பேசினார்.

"அக்கா, ஒங்க நம்பர லினக்ஸ் வெப்சைட்ல பாத்தேன், நீங்களும் நம்ம ஊருதானாமே! ஒங்க லினக்ஸ்தான் நம்ம கடை போர்டுல ஓடுது. அருமையா ஓடுச்சு. இப்ப அப்டேட் வரமாட்டேங்கு."

"இனிமே வராது, தம்பி."

"ஏன்க்கா?"

"பாத்துக்கிட ஆளு இல்ல."

"நீங்க இருக்கியள்லா?"

பெர்சிஸ் போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, அந்த போர்டுக்கு வேறு எந்த லினக்ஸைப் போடலாம், அதை எப்படி ஏற்றுவது என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.