அண்ணிக்குக் கிடைத்த சூனியக்காரி வேடம்

அந்த எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கி, மேலே அப்பியிருந்த குங்குமம் கறுத்துப்போய், பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது. மேக்கப் போடும் அக்கா, அண்ணியின் நாடகப் பையைக் கவிழ்த்து அதிலிருந்த கண்டாங்கிச் சேலையை உதறியபோது, சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முதலில் எல்லோரும் பழத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

ஏன் என்னைப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அண்ணி மேல் பொறாமை. அது நாடகக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். நானும் பெரிதாக மறைத்ததில்லை. என்னைவிடச் சின்னவள். அண்ணனைக் கட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு, எங்கள் ஆங் மோ கியோ வீட்டுக்கு வந்தவள். நான் அவளை அண்ணி என்று கூப்பிட, அவள் என்னை அக்கா என்று கூப்பிட, வீட்டுக்கு வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். அண்ணன் ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டால் தனியாகக் கிடக்கிறாளே, பாவம் என்று நான்தான் அவளை நாடக ஒத்திகைக்கு அழைத்துப் போனேன். ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும் என்றுதான். யார் கண்டது.

குழுவை நடத்தியவரை எல்லோரும் பாய் என்போம். ஜாலான் புசாரில் அவருக்கு இரும்புச் சாமான் கடை; கடைக்கு மேலே இருந்த மாடிதான் எங்கள் ஒத்திகை இடம். அந்த வருஷம் அவரே ஒரு நாடகம் எழுதியிருந்தார். ஒரு கிராமத்தில் மாடுகள் சாகின்றன, குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது, தனியாக வாழும் ஒருத்தியைச் சூனியக்காரி என்று பிடித்துக் கட்டிவைத்துப் பஞ்சாயத்தில் விசாரிக்கிறார்கள். அவள் ஒரு பாவமும் அறியாதவள். அந்த வேடம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். தோழி, அத்தை, பால்காரி என்று வருஷக்கணக்காகக் கொடுத்ததையெல்லாம் வாய் பேசாமல் நடித்தவள் நான். முதல் வாசிப்பு அன்றைக்குப் பார்த்து ஒரு நடிகை வரவில்லை. பாய் அண்ணியிடம் தாளை நீட்டி, "சும்மா வாசிங்கம்மா" என்றார். அவள் வாசித்தாள். முடித்த பிறகு பாய் தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை. எனக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. சூனியக்காரி வேடம் அவளுக்குப் போனது. அவளை முதல் ஆளாகக் கைகாட்டும் பக்கத்து வீட்டுக்காரி வேடம் எனக்கு வந்தது.

"நல்லா இருந்துச்சா அக்கா?" என்று எம்.ஆர்.டி. ரயிலில் வீடு திரும்பும்போது கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதானே என் கஷ்டம். மோசமாக நடித்திருந்தால் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் வசனம் முழுக்க எனக்கும் மனப்பாடம். பாத்திரம் கழுவும்போது எனக்குள் பேசிக்கொள்வேன். ஒரு நாள் கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் மேக்கப் அக்காவிடம், "என்ன பெரிய குரல். ஒரு நாளைக்குத் தொண்டை கட்டினா தெரியும் லா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அரங்கேற்றம் நெருங்கும்போது அண்ணிக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவள் கிளினிக்குக்குப் போக, அவள் பையை நான் ஒத்திகைக்குத் தூக்கிக்கொண்டு வந்த அன்றுதான் அந்தப் பழம் விழுந்தது.

"எலுமிச்சம்பழம் என்ன, தானா நடந்து வந்துச்சா?" என்றார் மேக்கப் அக்கா. "தொண்டை கட்டும்னு சொன்னது யாரு? அது கட்டினா யாருக்கு லாபம்?" அவர் கேட்டதில் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. பை எங்கள் வீட்டிலிருந்து வந்தது. தூக்கி வந்தவள் நான். சொன்னவளும் நான். "அது என்னன்னே எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. சற்றுமுன்தான் அதே இடத்தில், அதே வட்டத்தில் உட்கார்ந்து பஞ்சாயத்துக் காட்சியை ஒத்திகை பார்த்து முடித்திருந்தோம். யாருக்கும் அது உறைக்கவில்லை.

பாய் நல்ல மனுஷர். "இந்தக் கூத்து வேணாம்னுதானே நாம நாடகம் போடறோம்" என்று மற்றவர்களை அதட்டினார். பிறகு என்னைத் தனியாகப் படிக்கட்டுக்கு அழைத்து, "உன்கூட நடிக்க மாட்டோம்ங்கறாங்கம்மா. இந்தத் தடவை ரெஸ்ட் எடுத்துக்க. அடுத்த நாடகத்துல பாத்துக்கலாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. தேக்கா மார்க்கெட்டில் கீரை வாங்கப் போனாலும் குழுவைச் சேர்ந்த யாராவது எதிரில் வருவார்கள். அண்ணிக்கே செய்வினை வைத்தவள் என்று பேரெடுத்த பிறகு அடுத்த நாடகமாவது ஒன்றாவது.

வீட்டில் அண்ணனிடம் சொல்லி அழுதேன். கொதித்தெழுந்து நேரே ஜாலான் புசாருக்குப் போவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "விடு லா, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க" என்றான். அண்ணி கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஒத்திகை நாளில் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனாள். குரல் பாதிதான் திரும்பியிருந்தது. எல்லோரும் இருக்கும்போது நடுவில் போய் நின்றாள். "அது செய்வினை இல்லீங்க. என் வீட்டுக்காரர் சிராங்கூன் ரோடு கோயில்ல அம்மன் காலடியில வெச்சு வாங்கிட்டு வந்த பழம். எனக்குக் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு அவருதான் பையில போட்டாரு. எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. வெட்டி வெச்சா வேற, முழுசா வெச்சா வேறன்னு உங்களுக்கெல்லாம் தெரியாதா? சாமிகிட்டேர்ந்து வந்த பழத்தைப் பாத்துட்டு ஒரு பொம்பளையை இப்படிச் சொல்லிட்டீங்களே" என்றாள்.

மேக்கப் அக்காவின் முகம் செத்துப்போனது. "யாரு கண்ணு பட்டுடக் கூடாதுன்னு?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மற்றவர்கள் பழத்தைப் பார்த்து என்னைச் சந்தேகப்பட்டார்கள். என் கூடப்பிறந்தவன் என்னைப் பார்த்துத்தான் பழமே வாங்கியிருக்கிறான்.

இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த உடைந்த குரலில் அவள் பேசியது அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அவள் பேசுகிறாள். நானோ, இப்படிப் பேச எனக்கு ஏன் வரவில்லை என்று அங்கேயும் வெந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மேடையில் அவளைக் கைகாட்டி, "இவதான்" என்று நான் சொன்னபோது அரங்கமே அடங்கிப்போனது. "எங்கேருந்தும்மா வந்துச்சு அது?" என்று பாய் பிறகு ஆச்சரியமாகக் கேட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பழத்தைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை. கொஞ்ச நாளில் நான் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

போன மாதம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். கதவைத் திறந்த அண்ணன் என்னைப் பார்த்ததும் திரும்பிக் குழந்தையைப் பார்த்தான். அதன் கன்னத்தில் பெரிதாக ஒரு மைப்பொட்டு. எல்லா வீட்டிலும் வைக்கிற திருஷ்டிப் பொட்டுதான். ஆனாலும் என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை. அண்ணி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த ஈரத்துணியை எடுத்துப் பொட்டைத் துடைத்தாள். "வாங்கக்கா, உக்காருங்க" என்று கூப்பிட்டு, "அத்தைகிட்ட போ" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள்.

குழந்தை அவளை மாதிரியே இருந்தது. இந்த மனசு இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பொட்டைத் துடைத்திருக்க மாட்டேன். இன்னொரு கன்னத்திலும் ஒன்று வைத்திருப்பேன்.