இறுக்கிப் பிடி மக்கா

காலை ஏலம் முடிந்து மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லீலாபாய் மேடம் காலமாகிவிட்டார்கள். பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அருமனை ஊரில் பிறந்தவர்கள், ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். கல்லீரல் மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் உடம்பு அதைத் தாங்குமா என்று சோதித்துத் தேற்றுவது அவர்கள் வேலை. சுனாமிக்குச் சில வருடம் கழித்து நானும் அப்படிக் காத்திருந்தேன்.

அவர்களைப் பார்க்கப் போன முதல் நாள் என் எடை முன்பைவிடக் கூடியிருந்தது. மனைவி ஸ்டெல்லாவுக்கு வாயெல்லாம் பல். "ஆளு தேறிட்டாரு, பாத்தியளா மேடம்!"

அவர்கள் நாடாவால் என் மேல்கையை அளந்தார்கள். "கூடினது வயித்துல கெட்டின தண்ணி ஸ்டெல்லா. சதையெல்லாம் கரைஞ்சு போச்சு." பிறகு தம் கையை நீட்டினார்கள். "பிடி மக்கா, இறுக்கிப் பிடி."

பிடித்தேன்.

"இதுக்குப் பேரு பிடியா? இந்த உடம்ப கத்திக்குக் குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

அது தவக்காலம். நான் பிழைக்க வேண்டுமென்று வீடே ஒருசந்தி நேர்ந்திருந்தது. பகலில் ஒருவேளைச் சாப்பாடு, மீன் கிடையாது. யாருக்காக நேர்ந்தார்களோ அந்த நானும் சேர்ந்து பட்டினி கிடந்தேன்! இதைக் கேட்டதும் மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "வெறும் வயித்தோட கெடந்தா உடம்பு தன் சதையத்தான் தின்னும். நீங்க ஒருசந்தி இருங்க, இவரு தின்னட்டும்."

"நேர்ந்தத முறிச்சா குத்தம் மேடம்" என்றாள் ஸ்டெல்லா.

மேடம் வேறு சபைக்காரர்கள். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து எங்கள் ஊருக்கே வந்து பங்குச்சாமியாரைப் பார்த்தார்கள். "சீக்காளிக்கு ஒருசந்தி கெடையாதுல்லா சாமி? அத நீங்களே வந்து சொல்லுங்க." சாமியார் வீட்டுக்கே வந்து சொன்னார். அன்று மத்தியானம் உப்புக் குறைத்து மீன்குழம்பு வைத்தாள் ஸ்டெல்லா.

அதன்பின் முட்டை, பயறு, மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலதடவை சாப்பாடு. படுக்கும் முன்னும் ஏதாவது தின்றாக வேண்டும். உப்பு என்பதால் கருவாட்டுக்கு மட்டும் தடை. ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தக் கை நீளும். ஒரு நாள், "யம்மா, விடு மக்கா, வலிக்கு!" என்று கத்தினார்கள். கையை உதறிக்கொண்டே பெரிய டாக்டரிடம் சொல்ல ஓடினார்கள். ஆபரேஷன் நடந்தது. இதோ, மீன் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறேன்.

அடக்கத்துக்குப் போகும் பஸ்ஸில் ஸ்டெல்லா அவித்த முட்டையை நீட்டினாள். சாவு வீட்டுக்குப் போகையில் எப்படித் தின்பது?

"அவிய இருந்தா ஏசுவாவ. தின்னுங்க."

தின்றேன்.

கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் அள்ளினேன். விரல் விரிய மாட்டேன் என்றது. பின்னால் நின்றவர் தோளைத் தொட்ட பிறகுதான் போட்டேன்.

போய் வாருங்கள் மேடம். கையில் பலம் இருக்கிறது.