மூக்கறுந்த பிஸ்டலுக்குப் புது மூக்கு

2010 அக்டோபரில் நான் ஒரு பிஸ்டலுக்கு மூக்கு மாற்றினேன். சிரிக்காதீர்கள். குழலின் நுனியில், மேல்பக்கம், சின்னதாக ஒரு இரும்புத் தகடு நிற்கும். அதைப் பார்த்துத்தான் குறி வைக்க வேண்டும். எங்கள் கிளப்பில் அதை ஃப்ரண்ட் சைட் என்பார்கள். எனக்கு அது மூக்கு.

வாரமெல்லாம் சிட்னியில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து, அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. ஞாயிறானால் கெல்லிவில்லிலுள்ள வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய்க் காகித வட்டங்களைச் சுடுவது என் சந்தோஷம். "துப்பாக்கியா? ஐயோ, பயமா இல்லையா?" என்று பிறந்தநாள் பார்ட்டிகளில் கேட்பார்கள். பயமா? லைசென்ஸ் கைக்கு வந்த அன்று நான் சமையலறையில் குதித்த குதியில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை.

கிளப்பை விட்டுப் போன ஒருவரிடமிருந்து அந்தப் பழைய பிஸ்டலை வாங்கியிருந்தேன். என் அப்பாவைவிட மூத்தது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஒரே குறை, அதற்கு முன் வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதன் மூக்கை அரம் போட்டு ராவித் தள்ளியிருந்தார். மூக்கு குட்டையானால் குண்டு மேலே போகும். நான் வட்டத்தின் நடுவைப் பார்த்தால் அது காகிதத்தின் உச்சியில் ஓட்டை போடும்.

பழைய பிஸ்டல்களுக்கென்று மெல்பர்னில் ஒரு போட்டி. எங்கள் கிளப் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சம். அதற்கான தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த இடம் எனக்கு வேண்டும். வெறியாக வேண்டும். மூக்கறுந்த பிஸ்டலோடு போய் நிற்க நான் தயாராக இல்லை.

தபாலில் புது மூக்கு வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே கராஜில் வேலையை ஆரம்பித்தேன். என் கணவர் கோயம்புத்தூர் லேத் பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவர், அவருக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அவருக்கு லைசென்ஸ் இல்லை. டார்ச் பிடிக்க மட்டும் அனுமதித்தேன். அவருடைய பழைய வேட்டியை மடித்துக் குழலுக்குச் சுற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கினேன். பழைய மூக்கைப் பிடித்திருந்த சின்ன ஊசி அசையவே இல்லை. எண்ணெய் விட்டேன், திட்டினேன், பித்தளைக் குச்சியை வைத்துத் தட்டினேன். டிக்கென்று ஊசி தெறித்து விழுந்தது. நான் கத்தினேன்.

"ஏம்மா, கொழந்தை பொறந்த மாதிரி கத்தறே?" என்றார்.

புது மூக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. அதை வேண்டுமென்றே உயரமாகத்தான் செய்து அனுப்புவார்கள். உயரமானால் குண்டு கீழே போகும். சுட்டுப் பார்த்து, நம் கைக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக ராவிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ராவினாலும் போச்சு. தேய்த்த இரும்பு திரும்பி வராது.

சனிக்கிழமை காலையில் கிளப்புக்குப் பறந்தேன். பத்து குண்டு சுட்டேன். பத்தும் கீழே. வட்டத்தின் காலடியில் கோழி கிளறியதுபோல் ஓட்டைகள். "உயரம் அதிகம். வீட்டுக்குப் போய் ராவு," என்றார் மேற்பார்வைக்கு நின்ற ஆஸ்திரேலியர். அதுதானே! ராவிவிட்டால் முடிந்தது, மெல்பர்ன் என் கையில். வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

கராஜைத் திறந்தால் மேசை காலி. அரம், சுத்தியல், பித்தளைக் குச்சி எல்லாம் ஹாலில் சிவப்புத் துணிமேல் வரிசையாக, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் என் லேப்டாப், பொரி, கடலை. பிஸ்டல் பெட்டகத்தின் சாவி என்னிடம் மட்டும் இருப்பதால் அதன் கதவுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார் என் கணவர். ஆயுத பூஜை! சுத்தமாக மறந்தே போயிருந்தேன்.

"அந்த அரத்தை மட்டும் எடுத்துக்கறேங்க."

"நாளைக்குக் காலைல எடுத்துக்கோ. பூஜைல வெச்ச சாமானத்த இன்னைக்குத் தொடக் கூடாது."

"உங்களுக்குத்தான் சாமி நம்பிக்கையே கிடையாதே!"

"சாமி வேற, பட்டறை வேற. எங்கப்பா இன்னைக்கு ஒரு ஸ்பேனரக்கூடத் தொட மாட்டாரு."

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. காரை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் புத்தம் புதிதாக ஓர் அரம் வாங்கி வந்தேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டார். "அட, புதுசா? இதுக்குத்தான் மொதல்ல பொட்டு வெக்கணும்," என்று சந்தனத்தைத் தொட்டு வைத்து, அதையும் துணிமேல் கிடத்திவிட்டார். அன்று ராத்திரி நான் அவரோடு பேசவில்லை. சுண்டலை மட்டும் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

விஜயதசமி விடிந்ததும் கற்பூரம் காட்டி, புது அரத்தை என் கையில் கொடுத்தார். "ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போ." கழற்றிப் போட்ட பழைய மூக்கின்மேல் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, அரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

தேர்வுக்கு முன் சில குண்டுகளைச் சோதனைக்காகச் சுடலாம். எவ்வளவு ராவ வேண்டும் என்று அளவு பார்க்கத்தானே, எங்கே விழுந்தால் என்ன என்று அலட்சியமாகச் சுட்டேன். காகிதத்தைப் பார்த்தேன். ஐந்தும் நடுவில்! ஒரு தேநீர்க் கோப்பை போட்டு மூடிவிடலாம்.

மேற்பார்வையாளர் வந்து எட்டிப் பார்த்தார். "பிரமாதம். எவ்வளவு ராவினாய்?"

"ஒன்றுமே ராவவில்லை."

இரண்டு பேரும் பிஸ்டலைப் பார்த்தோம். பிறகு அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் ஆவேசத்தில் விரலால் மட்டும் அழுத்த வேண்டிய விசையை மணிக்கட்டையும் சேர்த்து அழுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் குழல் குனிந்திருக்கிறது. மூக்கின் உயரம் என் கைக்கு ஆரம்பத்திலிருந்தே சரி. சனிக்கிழமை மட்டும் அரம் கையில் கிடைத்திருந்தால், புது மூக்கையும் அறுத்துத் தொலைத்திருப்பேன்!

இனி கை குனியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" பற்றி நினைத்தாலே கை மறுபடி குனிந்துவிடும். அரத்தை எடுத்து என் முன்னால் பலகையில் வைத்துக்கொண்டேன். இதுவும் அளவு பார்க்கத்தான், இதுவும் அளவு பார்க்கத்தான் என்று ஒவ்வொரு குண்டுக்கும் சொல்லிக்கொண்டேன். கடைசிக் காகிதத்தை இறக்கி எண்ணிவிட்டு, மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினார். பக்கத்து யூகலிப்டஸ் மரத்திலிருந்த பறவையெல்லாம் பறக்கும்படி கத்தினேன்.

வீட்டுக்கு வந்து அரத்தை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் இழுத்த ஒரே இழுப்பின் தடம்தான் இருந்தது, பிடியில் வைத்த சந்தனம் கலையாமல் காய்ந்து கிடந்தது.

"என்னம்மா இது, ராவவே இல்லையா?"

"இல்லைங்க. மெல்பர்னுக்கு டிக்கெட் போடுங்க."