உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

1. கடையில்

புஷ்பம் கவுன்டரில் வைத்த அட்டையில் மாத்திரை இல்லை, மாவுதான் இருந்தது.

பாம்பன் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு வழக்கமான இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போயிருந்தேன். மருந்துகளைச் சோதிக்கிற டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் கடைக்காரர் முதலில் டீ சொல்வார், நான் வேண்டாம் என்பேன், அவர் முகம் வாடும். அதெல்லாம் முடிந்து லைசென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் வந்தாள். நண்டு கம்பெனியில் வேலை. விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"அண்ணாச்சி, மறுபடியும் நமுத்துப் போச்சு. வேற அட்டை குடுங்க. அவருக்கு இந்த வாரமும் வலிப்பு வந்துருச்சு."

'அவர்' என்றது கணவன் சேசுவை. வலை பழுது பார்க்கிறவர். பல வருஷமாக மாத்திரையில் வலிப்பு அடங்கியிருந்த மனிதர்.

"கடக்கரைய ஒட்டி வீடு வச்சுக்கிட்டு நமுக்குதுன்னா நான் என்னம்மா செய்வேன்? உப்புக்காத்து. இறுக்கி மூடி வைக்கணும்" என்றார் கடைக்காரர்.

"அரிசிக்குள்ள பொதச்சுத்தான் வச்சேன். என் வைப்புதான் சரியில்ல போல. டாக்டரும் என்னையத்தான் ஏசுறாரு" என்றாள். யாரும் கேட்காமலேயே குற்றத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

தீவில் எதற்கும் இதுதான் பதில். பூட்டு துருப்பிடித்தாலும் உப்புக்காற்று, சுவர் உதிர்ந்தாலும் உப்புக்காற்று. பாதிக்கு மேல் உண்மையும்கூட. அதனால்தான் மாத்திரை உதிர்ந்தால் அங்கே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நான் கடலே இல்லாத அபிராமத்துக்காரி. எங்கள் ஊரில் பழி போடுவதற்கு வெயிலை விட்டால் ஒன்றும் கிடையாது.

"அண்ணாச்சி, அதே மாத்திரையில பிரிக்காத அட்டை ஒண்ணு எடுங்க" என்றேன்.

வாங்கி அழுத்தினேன். உள்ளங்கையில் மாவு கொட்டியது.

"இப்பத்தான் பிரிச்சேன். இதுக்குள்ள உப்புக்காத்து எந்த வழியாப் போச்சு?"

அவருக்கு வேர்த்துவிட்டது. "புது ஏஜென்சிக்காரன் போட்டுட்டுப் போனான் மேடம். பில்லு அடுத்த தடவை தாரேன்னான். மருந்து இப்படின்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

தெரியாது என்றதை நம்பினேன். ஆனால் பில் இல்லாமல் மருந்து வாங்குவதே குற்றம். தன் பிள்ளைக்கு அந்த மாத்திரையைக் கொடுப்பாரா என்று கேட்டேன். அவர் கண்முன்னாலேயே சாம்பிள் எடுத்து, பங்கு பிரித்து, சீல் வைத்து, ஒரு பங்கை அவரிடமே கொடுத்தேன். மிச்சத்தை விற்கக் கூடாது என்று ஆர்டரும் எழுதினேன்.

புஷ்பம் நின்றுகொண்டே இருந்தாள். லேப் ரிப்போர்ட் வரும்வரை வலிப்பு காத்திருக்காது. அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பவே அவரைக் கூட்டிக்கிட்டு அங்கன போம்மா. அவுக குடுக்குற மாத்திரைய மட்டும் குடு" என்று அனுப்பினேன்.

2. வீட்டில்

ரிப்போர்ட் வந்தது. மாத்திரையில் மருந்தே இல்லை, வெறும் மாவும் சுண்ணாம்பும். ஏஜென்சிக்காரன் மேலும் கடைக்காரர் மேலும் கேஸ் போட்டோம். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், கேஸ் இன்னும் ஆகவில்லை.

ரிப்போர்ட் கடைக்காரருக்குப் போக வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டும். அந்த மாத்திரையை விழுங்கினவருக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. ரிப்போர்ட் வந்த அன்றே பஸ் ஏறிப் புஷ்பம் வீட்டுக்குப் போனேன்.

சேசு வாசலில் வலையோடு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி மாத்திரைக்கு மாறிய பிறகு வலிப்பு வரவில்லையாம். புஷ்பம் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"புஷ்பம், அந்த மாத்திரையே போலி. உள்ள மருந்தே கிடையாது. உன் வைப்புல ஒரு குத்தமும் இல்ல."

"அரிசிக்குள்ள வச்சதுனால இல்லையா மேடம்?"

"இரும்புப் பெட்டியில வச்சிருந்தாலும் அப்படித்தான்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு டாக்டர்ட்ட, 'நாந்தான் மாத்திரைய முழுங்காமத் துப்பிட்டேன்'னு உங்க மேலயே பழியப் போட்டுக்கிட்டீகளே. அது பொய்யா?"

சேசு வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டாக்டரு உன்னைய ஏசிக்கிட்டே இருந்தாரு. எனக்குக் கேக்கச் சகிக்கல."

புஷ்பம் அந்த வலையை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு அழுதாள். ஆபீஸராகப் போன நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். போலி மருந்து நோயாளியின் உடம்பைக் கெடுப்பதோடு நிற்காது. அந்த வீட்டில் ஒருவர் தன்னால்தான் எல்லாம் என்று நினைத்துத் தூங்காமல் கிடப்பார். கேஸ் முடியும்போது முடியட்டும். ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே அந்த வீட்டுக்குப் போய், உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.