ரிசீவரில் விழுந்த அருவி

காலை ஐந்து நாற்பது. மூக்குக் கண்ணாடியைத் தேடிய கையில் கைபேசி அகப்பட்டது. திரையில் முதலில் தெரிந்தது அருவி. கறுத்த பாறையில் தண்ணீர் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. மேல் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் ‘நேரலை’ என்ற சொல். கீழே ஒரு வரி: ‘குற்றாலத்தில் அறை தேடுகிறீர்களா?’

நான் தேடவில்லை. குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே, தென்காசியில், சொந்த அறையில்தான் படுத்திருந்தேன். முந்தின நாள் மாலை, ‘சாரல் அடிக்குதே, ஒரு எட்டு குளிச்சிட்டு வருவமா’ என்று மனைவியிடம் சொன்ன நினைவு. கைபேசிக்கு அது கேட்டிருக்கிறது. மனைவிக்குக் கேட்கவில்லை.

படத்தை அனுப்பிக்கொண்டிருந்த லாட்ஜ் எனக்குப் பழக்கமானது. ஒலியைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஈரக் காற்றில் என் கைபேசி இப்படி மக்கர் பண்ணுவதுண்டு என்று கீழே வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன்.

சாரல் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மண்வாசனை என்று எழுதிவிடுவார்கள். நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். உண்மையில் எங்கள் பக்கத்தில் ஆனி ஆடியில் வருவது காயாத துண்டின் வாடை. அதோடு கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்ந்தால் அந்த லாட்ஜின் மாடி வராந்தா வந்துவிடும். லாட்ஜை அந்தக் காலத்தில் சீசனுக்கு சீசன் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் திரவியம் அண்ணாச்சி. சமையலும் சண்டையும் அவர் மனைவி கனகு மதினியின் பொறுப்பு.

அப்போது நான் ஒரு நாளிதழுக்குத் தென்காசி நிருபர். முழு நிருபர் என்றும் சொல்ல முடியாது. மத்தியானம் வரை செய்தி, அதற்குப் பிறகு விளம்பரம். செய்தியை உறையில் போட்டுத் திருநெல்வேலி பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் குற்றாலத்துக்குப் போவேன். சீசன் சிறப்பிதழுக்கு லாட்ஜ்காரர்களையும் சிப்ஸ் கடைக்காரர்களையும் பழக்கடைக்காரர்களையும் பிடிக்க வேண்டும். ‘வருக வருக’ என்று கைகூப்பும் முதலாளி, அவர் தலைக்கு மேல் அருவி. அந்த அருவிப் படத்துக்கு எங்கள் அச்சகத்தில் ஒரே ஒரு பிளாக்தான், படம் செதுக்கிய உலோகத் தகடு, இருந்தது. எல்லா லாட்ஜுக்கும் அதே அருவி, எல்லா வருடமும் அதே தண்ணீர். பாறை வறண்டு குரங்குகள் உட்கார்ந்திருக்கும் வருடத்திலும் அந்த பிளாக்கில் தண்ணீர் கொட்டும்.

ஆகவே விளம்பரத்தைப் பார்த்து யாரும் குற்றாலத்துக்குக் கிளம்பவில்லை. முதலில் போன் பண்ணுவார்கள். மதுரையோ கோவில்பட்டியோ, கேள்வி ஒன்றுதான்.

“அண்ணாச்சி, தண்ணி விழுதா?”

மற்ற லாட்ஜ்களில் இதற்கு எந்த நாளும் ஒரே பதில்: “ஆர்ச்சத் தாண்டி விழுது, கெளம்பி வாங்க.” பேரருவிக்கு முன்னால் ஒரு வளைவு உண்டு. வெள்ளம் வந்தால் தண்ணீர் அதைத் தாண்டி விழும். அப்போது போலீஸ் யாரையும் குளிக்க விடாது. போனில் ஆர்ச்சைத் தாண்டியதெல்லாம் உண்மையாகவே தாண்டியிருந்தால் குற்றாலத்தில் ஒருவரும் குளித்திருக்க முடியாது.

திரவியம் அண்ணாச்சியின் வழக்கம் வேறு. “நான் என்னத்தச் சொல்லதுக்கு, நீங்களே கேட்டுக்கிடுங்க” என்பார். கறுப்பு போனுக்கு நீளமாக வயர் போட்டு வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு மாடி வராந்தாவின் மேற்கு ஜன்னலுக்குப் போவார். அங்கிருந்து அருவி தெரியாது, சத்தம் வரும். ரிசீவரைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் செய்த விளம்பரம் அவ்வளவுதான். எனக்கு அவர் ஒரு தடவைகூட விளம்பரம் கொடுத்ததில்லை. ஆனாலும் நான் அங்கேதான் போய் உட்காருவேன். மதினியின் ரசம் அப்படி.

ஒரு வருடம் ஆனி முழுக்கக் காய்ந்தது. ஆடி பிறந்தும் சாரல் இல்லை. கட்டடத்துக்காரர் ஒருநாள் வந்து அறைகளை எட்டிப் பார்த்தார். எல்லாம் காலி. “இந்த சீசனும் இப்டின்னா, அடுத்த வருசம் வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு, மதினி கொடுத்த காபியைக் குடிக்காமல் போனார். அண்ணாச்சிக்கு வேறு தொழில் கிடையாது. அந்த இரண்டு மாத வருமானத்தில்தான் மிச்ச மாதங்களும் ஓட வேண்டும்.

நம்பிக்கை ஒன்றே ஒன்று இருந்தது. சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் ஆண்டுதோறும் ஆடியில் தன் ஆட்களைப் பஸ்ஸில் கூட்டிவந்து லாட்ஜ் முழுவதையும் எடுத்துக்கொள்வார். அந்தப் பஸ் வந்துவிட்டால் சீசன் தப்பித்தது. அவரும் போன் பண்ணாமல் கிளம்ப மாட்டார்.

“பக்கத்து லாட்ஜ்காரன் ஆர்ச்சத் தாண்டி விழுதுங்கான். ஒங்களுக்கு மட்டும் வாய்ல என்ன கொழுக்கட்டையா?” என்று மதினி கேட்டார்.

“விழாதத விழுதுன்னு சொன்னா, விழும்போது எவம்ட்டி நம்புவான்?”

“விழும்போது நாம இங்கன இருக்கணும்லா?”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து டீக்கடைக்குப் போனார். அவர் தெருவைத் தாண்டியதும் போன் அடித்தது. மதினி எடுத்தார். சிவகாசிக்காரர். “கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு மேற்கு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நடந்தார். குளியலறையில் இருந்த குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, நடுவில் ரிசீவரை நீட்டினார். என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினார். நான் பேசவில்லை, வாயில் வடை இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ரிசீவரைக் காதில் வைத்தவருக்கு முகம் சுண்டிப்போனது.

அண்ணாச்சி திரும்பி வந்ததும் மதினி நடந்ததைச் சொன்னார்.

“சத்தம் நல்லாத்தான் இருக்குன்னாரு. ஆனா குத்தால அருவி எப்பருந்து வாளியில விழுதுன்னு கேக்காரு.”

அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். மதினி மெதுவாகச் சொன்னார்: “பிளாஸ்டிக் வாளியா இருந்தா தெரிஞ்சிருக்காது.”

இராப்பகலாக அச்சு மெஷின் சத்தத்தில் இருக்கிற மனுஷர், அவர் காதை யாரும் ஏமாற்ற முடியாது. அண்ணாச்சி தானே சிவகாசிக்குப் போன் போட்டார். ஒன்றும் விளக்கவில்லை. மேற்கு ஜன்னலுக்குப் போய் ரிசீவரை நீட்டினார். வெளியே ஒரு காக்கை கத்தியது. அதைத் தவிர எதுவும் இல்லை. “இதான் அண்ணாச்சி இன்னைக்குள்ள சத்தம். தண்ணி வந்தா நானே கூப்புடுதேன்” என்று வைத்துவிட்டார். மதினி அன்று அவரோடு பேசவில்லை. எனக்கு ரசமும் கிடைக்கவில்லை.

ஆடி பாதி தாண்டிவிட்டது. திருநெல்வேலி அலுவலகத்திலிருந்து தினமும் என்னைக் கேட்டார்கள்: சீசன் எப்போது, சிறப்பிதழ் எப்போது? லாட்ஜ்காரர்கள் ‘சீசன் களைகட்டியது’ என்று ஒரு வரி போடச் சொல்லி நச்சரித்தார்கள். வறண்ட பாறையைப் பற்றி எத்தனை நாள்தான் செய்தி எழுதுவது?

ஒரு மத்தியானம் மூவரும் வராந்தாவில் இருந்தோம். கரண்ட் இல்லை. காற்று திசை மாறி, துண்டுகள் கொடியில் உள்பக்கமாகத் திரும்பின. மலையின் பாதியை மேகம் மூடியது. பிறகு தூரத்தில் ஒரு பஸ் மேடேறுவது போல ஒரு சத்தம். பஸ் என்றால் கடந்து போய்விடும். இது போகவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். நம்பரைச் சுற்றும்போது விரல் வழுக்கி மறுபடி சுற்ற வேண்டியிருந்தது. சிவகாசியில் எடுத்ததும் ஹலோகூடச் சொல்லவில்லை. ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். சாரல் சட்டைக் கையை நனைத்தது.

“பேசுங்களேன்” என்றார் மதினி.

அண்ணாச்சி இன்னொரு கையால் சும்மா இரு என்றார். வெகுநேரம் நின்றுவிட்டுக் காதில் வைத்தார். “சரி அண்ணாச்சி” என்ற இரண்டே சொல்லோடு போனை வைத்தார்.

“என்ன சொன்னாரு?”

“வாளிச் சத்தம் இல்லன்னாரு. நாளைக் காலைல பஸ் வருது.”

மறுநாள் என் செய்தி கட்டம் கட்டி வந்தது: ‘குற்றாலத்தில் சீசன் தொடங்கியது.’ அதை நான் அந்த வராந்தாவில் உட்கார்ந்து படித்தபோது, சிவகாசி ஆட்கள் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். குத்தகை கையை விட்டுப் போகவில்லை. பின்னாளில் கட்டடமே அண்ணாச்சியுடையதாயிற்று.

அண்ணாச்சியும் மதினியும் இப்போது இல்லை. மகள் ஜெயா நடத்துகிறாள். கைபேசியில் அருவி பார்த்த அன்று காலையே பஸ் ஏறிப் போனேன்.

“வாங்க சித்தப்பா. வெளம்பரம் பாத்தீங்களா?” என்றாள். “இப்பம்லாம் மதுரையில ஒருத்தன் குத்தாலம்னு தட்டினாப் போதும், அவன் போன்ல நாம போயி நிப்போம். தண்ணி கூடுனா ரூம் ரேட்டும் தானாக் கூடிரும். நான் தொடவே வேண்டாம்.”

எதிர்ச் சுவரில் லாட்ஜின் விளம்பரப் படம். ஒரு குடும்பம் பால்கனியில் காபி குடிக்கிறது, கையெட்டும் தூரத்தில் அருவி, மேலே இரட்டை வானவில். அந்த லாட்ஜில் பால்கனி கிடையாது.

“அது கம்ப்யூட்டர் வரைஞ்சது சித்தப்பா. நாலு வார்த்த சொன்னா வரைஞ்சு தந்துரும். பக்கத்து லாட்ஜ்ல மூணு வானவில்.” சிரித்தவள், பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அதான் வெனையாப் போச்சு. வந்தவுக பால்கனி எங்கன்னு கேட்டு நெட்டுல ஒத்த ஸ்டார் போட்டுட்டாவ. ஸ்டார் எறங்குனா நம்ம பேரு யாரு கண்ணுலயும் படாது. அந்த மாசம் ரூம்லாம் காலி. பொறவுதான் மொட்டமாடில பைப்ப நட்டு இந்தக் கேமராவ வச்சேன். உள்ளது உள்ளபடி தெரியட்டும்னு. இப்ப பரவால்ல, ஸ்டார் ஏறிட்டு.”

“தண்ணி விழுதான்னு யாரும் போன் பண்ணுதாங்களா?”

“எதுக்கு? அதான் தெரியுதுல்லா. சிவகாசித் தாத்தா பேரன் போன வாரம் வந்தான். வீட்ல இருந்தே பாத்து, புக் பண்ணி, பணம் கட்டிட்டு வந்துட்டான். போம்போது சாவியக் குடுத்தான். அப்பந்தான் மொகத்தையே பாத்தேன்.”

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேற்கு ஜன்னலை அடைத்து ஏசி வைத்திருக்கிறார்கள். துண்டு வாடை அப்படியே இருக்கிறது. இறங்கி வந்ததும், காலையில் என் கைபேசியில் சத்தம் வராததைச் சொன்னேன். அவள் தன் கைபேசியில் அதே படத்தைத் திறந்து காட்டினாள். அதிலும் தண்ணீர் சத்தமில்லாமல் விழுந்தது.

கேமராவில் மைக் இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று எழுதியதால் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள்.