அக்காவைச் சொல்லவிடாதவள் நான்

அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஜெபக் கூட்டத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம். அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்று அண்ணன் கேட்டார். நாலு என்ன, நாற்பது இருக்கிறது. அதையும் எழுதுகிறேன். ஆனால் நல்லதை மட்டும் எழுதி முடித்துவிட்டால் அக்கா என்னை நிம்மதியாகத் தூங்க விடமாட்டார். ஒரு வருஷமாக விடவும் இல்லை.

அக்கா பிறந்தது அச்சரப்பாக்கத்தில். அப்பா ரயில்வேயில் கேங்மேன். அவருக்கு மாற்றலாகிச் செங்கல்பட்டுக்கு வந்த பிறகு நான் பிறந்தேன். என்னைப் பெற்ற நாலாம் மாதம் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. படிப்பை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே உலை வைத்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, செங்கல்பட்டிலேயே ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அண்ணனைப் படிக்க வைத்தார், என்னைப் படிக்க வைத்தார். தனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டால், "உங்க ரெண்டு பேரையும் யாரு தலைல கட்டிட்டுப் போறது?" என்று சிரிப்பார்.

அவரிடம் படித்தவர்கள் இந்த மலரை வாசிக்கிறவர்களில் பலர் இருப்பீர்கள். தலையில் பேனோடு வரும் பிள்ளையை இடைவேளையில் உட்கார வைத்து அவரே சீவி விடுவார். வீட்டுப் பாடம் எழுதாமல் வந்தால் அடிக்கமாட்டார், தாமதமாக வந்தாலும் அடிக்கமாட்டார். பொய் சொன்ன பிள்ளையைத்தான் அடிப்பார். அந்த அடியை வாங்கியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இதுவரை எழுதியது உங்களுக்குத் தெரிந்தது. இனி எழுதுவது தெரியாதது.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்த சமயம். அங்கே கிளார்க்காக இருந்த ஒருவரின் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், ஒரு மாதம் கழித்துச் சதுரங்கப்பட்டினத்தில் எஸ்தர் என்ற பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள். நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. இருபது வயதுக் கழுதை, குழந்தை மாதிரி தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அக்கா தட்டை வைத்தார், சோறு காய்ந்ததும் எடுத்தார்.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிப்பது நம் வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் வாசிப்பார். எஸ்தருக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது வாசிக்கவில்லை. அந்த வாரம் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. பெண்ணுக்கு வலிப்பு நோய் உண்டு, பள்ளியில் படிக்கும்போதே ஜெபக் கூட்டத்தில் விழுந்து கைகால் இழுத்துக்கொண்டது, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. விசாரித்தார்கள். விழுந்தது உண்மைதான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதோடு கலியாணம் நின்றது. ஆறு மாதம் கழித்து அதே மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஓலை வாசித்தார்கள். அவர்தான் என் வீட்டுக்காரர்.

புதுப்பட்டினத்தில் குடித்தனம் வைத்தோம். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பதற்கில்லை. எஸ்தரின் வீடு பக்கத்து ஊரில். கலியாணம் ஆகாமல் தையல் மிஷின் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் எதிரே வந்தால், ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு மீன் விலை கேட்கப் போய்விடுவேன். அதற்கு மேல் அவரைப் பற்றி நான் நினைத்ததில்லை.

எமர்ஜென்சி முடிந்து தேர்தல் வந்த வருஷம், சதுரங்கப்பட்டினத்து ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. அக்காவும் எங்களோடு வந்திருந்தார். ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைக் காய்கறிகளின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். எஸ்தர் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார், அவ்வளவுதான். "வலிப்பு வந்துட்சி, சாவி குடு, சாவி குடு" என்று ஒருவர் கத்தினார். நாலு பேர் சாவிக்கொத்தோடு ஓடினார்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்கும் பழக்கம் உங்களுக்குத் தெரியுமே. எஸ்தரின் விரல்களைப் பிரித்துச் சாவியைத் திணித்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, வெயிலுதான், வுடுங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, ஒருவர் அவர் இரண்டு காலையும் பிடித்து அழுத்தினார். அக்கா ஏலத்தில் எடுத்த பூசணிக்காயோடு என் பக்கத்தில் நின்றிருந்தார். அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பாப்பா, அந்த லெட்டர எழுதனது நான்தான்."

"எந்த லெட்டரு?" என்றேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"எங்க ஸ்கூல் போர்டிங்ல ஆறாவது படிக்கும்போது அது பசியில மயங்கி வுழுந்துச்சி. நான்தான் கஞ்சி ஊத்தி எழுப்புனேன். அதையே வலிப்புன்னு எழுதிட்டேன். நீ சாப்டாம படுத்துகினு இருந்த, எனக்குத் தாங்கல." பிறகு சொன்னார்: "நாளைக்குக் காலைல அது வூட்டுக்குப் போயி சொல்லிட்றேன்."

என் கையெல்லாம் மீன் செதிள். அப்படியே அக்காவின் கையைப் பிடித்தேன்.

"இன்னாக்கா பேசற நீ? நீ சொல்ட்டு பஸ் ஏறிப் போய்டுவ. நான் இந்த ஊர்ல குடும்பம் நடத்தணும். ரெண்டு புள்ள கீது எனக்கு. அவருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பாரா?"

அக்கா என் பிடியிலிருந்து கையை உருவப் பார்த்தார்.

"ஆண்டவர்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"தெனமும் சொல்றேன்."

"மன்னிச்சிட்டாரா, இல்லியா?"

"மன்னிச்சிருப்பாரு."

"அப்புறம் இன்னா? அவரே மன்னிச்சப்புறம் இவ யாரு?"

இந்தப் பேச்சு என் வாயில் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு விசுவாசம் போலவே இருந்தது. அதோடு விட்டேனா? தூங்கிக்கொண்டிருந்த சின்னவளைத் தூக்கிவந்து அக்கா மடியில் போட்டு, சொல்லமாட்டேன் என்று இவள் தலையில் கை வை என்றேன். அக்கா சத்தியம் செய்கிறவர் அல்ல, செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். குழந்தையின் தலையில் கை வைத்தார்.

அந்த மாதத்திலிருந்து அக்கா திருவிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டார். பிறருக்குச் செய்த தீங்கைச் சரிசெய்யாமல் அந்த அப்பத்தையும் ரசத்தையும் வாங்கக் கூடாது என்பதுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தது. முதல் ஞாயிறு வரும், எல்லோரும் எழுந்து போவார்கள், அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கவனித்தவர்கள் ஏதேதோ பேசினீர்கள். டீச்சருக்குப் போதகரோடு மனஸ்தாபம் என்றும் சொன்னீர்கள். போதகர் வீட்டுக்கே வந்து கேட்டபோது, "ஒரு வேல பாக்கி கீது ஐயா, முடிச்சிட்டு வர்றேன்" என்றாராம். அந்த வேலையைச் செய்யவிடாமல் நான் வழியில் நின்றேன். நான் மட்டும் மாதம் தவறாமல் என் வீட்டுக்காரரோடு ஜோடியாகப் போய் முழங்கால் போட்டு அப்பத்தை வாங்கினேன். ஞாயிறுதோறும் சபையாகச் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோமே, அதில் என் குரல்தான் பெரிதாகக் கேட்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் சொல்வதால் யார் பாவம் எது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

அடுத்த வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்தார். வலியைக் காட்டிக்கொள்ளமாட்டார், நர்சுகளிடம் அவரவர் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். ஒரு நாள் காலை போதகர் திருவிருந்தைக் கட்டிலுக்கே கொண்டு வந்தார். ஜெபித்து, அப்பத்தை எடுத்து அக்காவின் வாயருகே நீட்டினார். அக்கா உதட்டை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். எனக்குப் புரியவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், நன்றாகப் புரிந்தது. "சொல்லுக்கா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். போதகரின் கை நீட்டியபடியே இருந்தது.

"அக்காவால முழுங்க முடியல ஐயா" என்றேன்.

போதகர் நம்பிவிட்டார். தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார். அந்த மூன்று நாளும் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு அந்தப் பார்வை எங்கே போனாலும் வந்தது. சோறு வடிக்கும்போது வந்தது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வந்தது, சின்னவளுக்குத் தலை பின்னும்போது என் கை நின்றுவிடும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு என்னால் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இவர் திரும்பிப் பார்த்தார். கால் மரத்துப்போச்சு என்றேன். இப்படியே பத்து மாதம் ஓட்டினேன். எத்தனை காரணம்தான் சொல்வது? ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "உங்கக்கா எழுதனாங்க. நான் அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேக்காம நம்பிட்டேன். போயி சொல்லு. நானும் வர்றேன்."

தனியாகத்தான் போனேன். எஸ்தர் மிஷினில் இருந்தார். "வாங்க, ப்ளவுஸா?" என்றார். நின்றபடியே சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன், ஆனாலும் அழுதேன். அவர் அழவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க அத்ததான் எழுதனாங்கன்னு நெனச்சிகினு கீறேன் ஏழு வருசமா. அவங்க பொண்ணுக்கு மாப்பிள்ள அமையல, அந்த வயித்தெரிச்சல்னு எங்கம்மா சொன்னாங்க. நான் பேச்ச வுட்டுட்டேன். போன வருசம் அத்த செத்துட்டாங்க. நான் போவல."

அந்த அத்தையைப் பற்றி அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் அக்கா சொல்லப் போகிறேன் என்ற அன்றைக்கு அந்த அத்தை உயிரோடு இருந்தார்.

மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "ஒங்கக்காவுக்கு பொஸ்தகம் போடறீங்களாமே. எத்தினி பேருக்குக் குடுப்பீங்க?"

"முந்நூறு பேருக்கு."

"எனக்கு வலிப்பு இல்லன்னு அதுல போடு. எம்பேர போட்டே போடு. அன்னிக்கி சாவி எடுத்துகினு ஓடியாந்தாங்களே, அவுங்க நாலு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடு." வாங்க என்றவர் இப்போது போடு, குடு என்றார்.

இதையெல்லாம் மலரில் போடுவார்களா, குடும்ப மானம் என்னாவது என்று அண்ணன் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானதுதான். அக்கா அவருக்கும் தாய். ஆனால் ஆண்டவர் மன்னிப்பார் என்பதைக் காட்டி, மனிதர் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கலாம் என்று நான் நினைத்தேன். அந்த எண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய் என் அக்காவின் வாயில் அடைத்தேன். அக்கா செய்த பாவத்தைவிட அது பெரிதா சிறிதா என்று எனக்கு அளக்கத் தெரியவில்லை. அக்கா தன் பாவத்தைச் சொல்ல எழுந்தவர், உட்கார வைத்தவள் நான். இரண்டு நாள் கழித்து அண்ணன், "எழுதனபடியே அச்சுக்குக் குடுக்கட்டும்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

அக்காவை நாற்பது நாளும் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்து தன் பிளாஸ்கிலிருந்து அக்காவுக்கும் கஞ்சி பங்கு வைத்த மதுராந்தகத்து பாய் வீட்டம்மாவுக்கும், மழையிலும் கல்லறை வரை நடந்து வந்த பிள்ளைகளுக்கும், நம் போதகருக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி சொல்கிறேன். போதகர் ஐயா, அன்று அக்காவால் விழுங்க முடிந்தது.

வலிப்பு வருவது யாருக்கும் அவமானம் இல்லை. ஆனாலும் எஸ்தர் கேட்டது அவருடைய உரிமை. அதைப் பெரிய எழுத்தில் தனியாகப் போடும்படி அச்சகத்தில் கேட்டிருக்கிறேன்.

சதுரங்கப்பட்டினம் எஸ்தருக்கு வலிப்பு நோய் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருக்கிறது என்று எழுதியது என் அக்கா. பொய் என்று தெரிந்தும் இரண்டு வருஷம் மூடி வைத்தது நான்.

தங்கை கிருபா,
புதுப்பட்டினம்